தீபாவளிக் கதரும் பத்துத் தவணையும்

ஒவ்வொரு வருடமும் அக்டோபர் 2 முடிந்த மறுநாள் பேப்பரில் ஒரே மாதிரி ஒரு படம் வரும். காந்தி படத்துக்கு மாலை போட்டு, குத்துவிளக்கு ஏற்றி, மாவட்ட ஆட்சியர் கதர் தீபாவளிச் சிறப்பு விற்பனையைத் தொடங்கி வைப்பார். கீழே நாலு வரிச் செய்தி. பருத்திக்கு இவ்வளவு தள்ளுபடி, பட்டுக்கு இவ்வளவு தள்ளுபடி. கடைசி வரியில், அரசு ஊழியர்களுக்குச் சுலபத் தவணையில் கடன் வசதி உண்டு என்று போட்டிருக்கும்.

என் கண் அந்தக் கடைசி வரியில்தான் போய் நிற்கும். சம்பளப் பிரிவில் எழுத்தராக இருந்த காலத்தில், அந்த வரியைப் பிடித்தக் கணக்காக மாற்றி எழுதியவர்களில் நானும் ஒருவன்.

பண்டிகைக்குத் துணி எடுப்பது நம் எல்லோர் வீட்டிலும் உண்டு. அந்தச் செலவிலேயே ஒரு நல்ல காரியத்துக்கும் கை கொடுக்க முடியுமா என்ற கேள்வி நம் ஊரில் நூறு வருடத்துக்கு மேலாக இருக்கிறது. 1905 ஆகஸ்ட் 7 அன்று கல்கத்தா டவுன் ஹாலில் சுதேசிப் பிரகடனம் செய்தார்கள். அந்தத் தேதியைத்தான் 2015 முதல் தேசியக் கைத்தறி தினமாகக் கொண்டாடுகிறோம். அன்றைக்கு எழுந்த கேள்விதான் இன்றைக்கும். கொள்கை நல்லதுதான், விலை கட்டுப்படியாகுமா?

இந்த விலைக் கேள்விதான் காந்தியின் மேல்சட்டையையே கழற்ற வைத்தது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். 1921 செப்டம்பரில் அவர் சென்னையிலிருந்து மதுரைக்கு ரயிலில் போனார். பெட்டியில் இருந்தவர்களிடம் கதர் உடுத்தக் கூடாதா என்று கேட்டபோது, நாங்கள் ஏழைகள், கதர் விலை அதிகம், எப்படி வாங்குவது என்று சொன்னார்கள். அவர் உடம்பில் சட்டை, தொப்பி, முழு வேஷ்டி எல்லாம் இருந்தன. முழு உடைக்குக் கதர் வாங்க முடியாதவன் என்ன செய்வான் என்று யோசித்தார். செப்டம்பர் 22 அன்று மதுரை மேலமாசி வீதி வீட்டிலிருந்து அரை வேஷ்டியோடு வெளியே வந்தார். அவர் தங்கியிருந்த அந்த வீட்டில் இன்றைக்கு ஒரு கதர்க் கடை இருக்கிறது.

நான் கணக்கு எழுதிப் பிழைத்தவன் என்பதால் கதரின் வரலாற்றையும் கணக்காகத்தான் பார்க்கத் தோன்றுகிறது. கையால் நூற்று, கையால் நெய்த துணி கதர். மில் நூலை வாங்கிக் கையால் நெய்தால் கைத்தறி. இரண்டும் மில் துணியை விட விலை கூடத்தான் இருக்கும். ஒரு ராட்டையில் ஒரு கதிர், மில்லில் ஆயிரக்கணக்கான கதிர். ஆகவே எந்தக் காலத்திலும் ஒரு வித்தியாசத் தொகை விழும். அதை யாராவது ஒருவர் ஏற்றாக வேண்டும். யார் ஏற்பது என்பதுதான் கதரின் கதை.

முதலில் அதைத் தொண்டர்கள் தங்கள் உழைப்பால் ஏற்றார்கள். 1920-களில் காங்கிரஸில் இருந்த பெரியார் கதர் மூட்டையைத் தோளில் சுமந்து ஊர் ஊராக விற்றார். 1925 பிப்ரவரியில் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் ராஜாஜி காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். சுற்றுக் கிராமத்துப் பெண்கள் அங்கே பஞ்சு வாங்கிப் போய், நூற்றுக் கொண்டு வந்து, கூலி வாங்கினார்கள். கல்கியும் சில வருடங்கள் அங்கே இருந்து வேலை பார்த்தவர்தான். அதே 1925 செப்டம்பரில் அகில இந்திய நூற்போர் சங்கம் பாட்னாவில் உருவாயிற்று. திருப்பூர் தமிழ்நாட்டுக் கதரின் முக்கியச் சந்தையாக வளர்ந்தது. பின்னாளில் பெரியார் காங்கிரஸை விட்டு விலகிக் கதரையே கடுமையாக விமர்சித்தார். ஆனால் மூட்டை சுமந்த வருடங்களில் கடை வாடகை, கமிஷன் என்று எதுவும் விலையில் ஏறவில்லை. சுமந்தவர்கள் கூலி கேட்கவில்லை.

அப்படியும் விலை இறங்காதபோது வித்தியாசம் யார் தலையில் விழுந்தது? நூற்ற பெண்ணின் தலையில். கதர் மலிவாகக் கிடைக்க வேண்டும் என்று எல்லோரும் பாடுபட்டதில் ராட்டை சுற்றியவளுக்கு நாளெல்லாம் உழைத்தும் ஓர் அணா தேறுவதே கஷ்டமாக இருந்தது. 1935-ல் காந்தியே இதைக் கவனித்து, இது நியாயமில்லை, எட்டு மணி நேரம் நூற்பவருக்கு எட்டணா கூலி இருக்க வேண்டும் என்று வாதாடினார். சங்கத்தில் பலருக்குப் பயம். கூலி ஏறினால் விலை ஏறும், விலை ஏறினால் யார் வாங்குவார்கள்? கடைசியில் எட்டணா கொடுக்க முடியவில்லை. ஆனால் கூலியை உயர்த்தினார்கள், துணி விலையும் ஏறியது. வித்தியாசம் நூற்பவரிடமிருந்து வாங்குபவருக்கு மாறியது. நம் கதர் வரலாற்றில் மேடைப் பேச்சுகளை விட இந்த ஒரு முடிவு பெரியது என்பது என் அபிப்பிராயம்.

சுதந்திரத்துக்குப் பிறகு சர்க்கார் நடுவில் வந்தது. 1952-53-ல் கைத்தறித் துணி விற்காமல் நெசவாளர் வீடுகளில் அடுப்பு எரியவில்லை. முதலமைச்சர் ராஜாஜி வேஷ்டியையும் சேலையையும் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டும் என்று டெல்லியிடம் கேட்டார். அவருக்கு எதிர்க் கட்சியான தி.மு.க.வில் அண்ணாவும் மற்றவர்களும் 1953-ல் கைத்தறித் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கி விற்றார்கள். அரசியலில் எதிரும் புதிருமாக இருந்தவர்கள் இந்த ஒரு விஷயத்தில் ஒரே பக்கம் நின்றார்கள். அதே 1953-ல் மத்திய சர்க்கார் ஒரு சட்டம் போட்டு மில் துணிக்குக் கெஜத்துக்கு மூன்று பை, அதாவது பழைய கணக்கில் காலணா, கூடுதல் தீர்வை விதித்தது. அந்தப் பணம் கதருக்கும் கைத்தறிக்கும் போனது. மில் துணி வாங்கியவர் தனக்குத் தெரியாமலே கெஜத்துக்குக் காலணா உதவி செய்தார்.

இங்கே என் சொந்த ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. நான் புதுச்சேரியில் பிறந்து, பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் ஊர் மில் ஊர். சவானா, ரோடியர், கப்ளே என்று மூன்று மில்கள். காலையில் மில் சங்கு ஊதினால்தான் எங்கள் தெருவே விழிக்கும். 1936 ஜூலை 30 அன்று எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடிய மில் தொழிலாளர்களில் 12 பேர் பிரெஞ்சு சர்க்காரின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். அந்த நாளை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் மறக்கவில்லை. அதனால் மில் துணி என்றால் அந்நியத் துணி, பாவத் துணி என்ற எண்ணம் எனக்குச் சிறு வயதில் வந்ததே கிடையாது. பக்கத்து வீட்டுச் சாப்பாடு அந்த மில் துணியில்தான் இருந்தது. கதரைப் பற்றி யாராவது உயர்வாகப் பேசினால், அப்படியானால் சங்கு ஊதும் மில்லில் இருப்பவர்கள் என்ன ஆவது என்று மனதுக்குள் கேட்டுக்கொள்வேன்.

இந்த மனநிலையில் இருந்த எனக்கு வாய்த்த மாமனாரோ கதர்க்காரர். மதுராந்தகம் பக்கத்தில் ஆதாரப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆதாரக் கல்வியில் நூற்பும் ஒரு பாடம் அல்லவா, அவர் வாழ்நாள் முழுதும் அந்தப் பாடத்தை விடவில்லை. சாயங்காலம் திண்ணையில் ராட்டையோடு உட்கார்ந்து விடுவார். நூற்ற சிட்டங்களைச் சேர்த்து வைத்துக் கதர்க் கடையில் கொடுத்து, அதற்கு ஈடாகத் துணி வாங்கி வருவார்.

1978-ல் எனக்குத் தலை தீபாவளி. அப்போது டெரிகாட்டன் சட்டையும் பெல்பாட்டமும் இல்லாத மாப்பிள்ளை உண்டா? நானும் அதைத்தான் எதிர்பார்த்துப் போனேன். விடியற்காலை எண்ணெய் தேய்த்துக் குளித்து வந்ததும் மஞ்சள் தடவிய தட்டில் என் கைக்கு வந்தது ஒரு கதர் வேஷ்டி, ஒரு கதர்ச் சட்டைத் துணி.

"மாப்பிள்ளை, இது நான் நூத்த நூலுக்கு எடுத்தது. கொஞ்சம் முரடா இருக்கும், துவைக்கத் துவைக்கப் பூ மாதிரி ஆயிடும்" என்றார்.

வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆனால் முகத்தில் காட்டிவிட்டேன் போல. என் மனைவி அன்று பூராவும் என்னோடு சரியாகப் பேசவில்லை. சென்னைக்குத் திரும்பியதும் அந்த வேஷ்டி டிரங்குப் பெட்டியின் அடிக்குப் போய்விட்டது. ஒரு மனிதர் மாதக்கணக்கில் உட்கார்ந்து நூற்றதை அன்று நான் விலை மதிப்பில்தான் பார்த்தேன். அதை இப்போது எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

பிறகு தாம்பரத்துக்குக் குடி வந்தோம். வருடா வருடம் அக்டோபரில் எங்கள் அலுவலகத்தில் கதர்க் கடன் படிவம் வரும். வேண்டியவர்கள் எழுதிக் கொடுத்தால் கதர்க் கடையில் அந்தத் தொகைக்குத் துணி எடுக்கலாம். சம்பளத்தில் பத்து மாதம் பிடித்தம். வட்டி கிடையாது. பண்டிகை முன்பணமும் பத்துத் தவணைதான் என்பதால், ஒரு தீபாவளிக் கடன் முடிவதற்குள் அடுத்த தீபாவளி எட்டிப் பார்க்கும். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி, கோட்டை நிலையத்தில் இறங்கி நடந்தால் பாரிமுனையில் குறளகம். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் அங்கே நம் தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் முகங்கள் ஏராளமாகத் தென்படும். போர்வை, ஜமக்காளம், தேன், சந்தன சோப்பு, ஊதுவத்தி எல்லாம் அதே தவணையில். கையில் காசில்லாத குமாஸ்தா கூட அக்கா தங்கைகளுக்கு ஆளுக்கொரு சேலை கொடுத்துக் கௌரவமாகத் தீபாவளி கொண்டாடியது அந்தப் பத்துத் தவணையால்தான். கொள்கையை நடுத்தர வீட்டுக்குள் கொண்டு வந்தவை தள்ளுபடியும் தவணையும்தான் என்பதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

ஆனால் அதே படிவத்தில் ஒரு தப்பும் நடந்தது. எண்பதுகளில் ஒரு வருடம் விற்பனை குறைவாக இருந்ததோ என்னவோ, எங்கள் அலுவலகத்தில் பிரிவுக்கு இவ்வளவு ரூபாய் என்று குறி வைத்துவிட்டார்கள். மேலதிகாரிகள் தங்கள் பங்கைக் குறைவாகப் போட்டுக்கொண்டார்கள். மீதி கீழே இறங்கியது. எங்கள் பிரிவுப் பியூனிடம் நான்தான் படிவத்தை நீட்டினேன்.

"சார், எம் பொண்ணு பாலியஸ்டர் பாவாடைதான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்குது. கதர எடுத்துட்டுப் போனா அழும் சார். இந்த வருசம் என்னை விட்டுடுங்களேன்" என்றார்.

பட்டியல் மாலைக்குள் போயாக வேண்டும். "எல்லாருமே போடறாங்கப்பா" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிவிட்டேன். அவர் எடுத்த துணியைப் பக்கத்து வீட்டில் பாதி விலைக்குக் கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தில் பாலியஸ்டர் பாவாடை எடுத்தார் என்று பிறகு தெரிந்தது. பத்து மாதமும் அவர் பிடித்தத்தை என் கையாலேயே எழுதினேன். அந்த வருடம் கதரின் வித்தியாசத்தை யார் ஏற்றார் என்று கேட்டால், எங்கள் அலுவலகத்திலேயே சம்பளம் குறைந்த ஆள்தான் ஏற்றார். அதற்குக் கதர் என்ன செய்யும், காந்தி என்ன செய்வார்? படிவத்தை நீட்டிய கை என்னுடையது.

கட்டாயமில்லாமல், மறைக்காமல், சிறிய தொகையில் உதவி வாங்க வேறு வழியில்லையா என்றால் இருந்தது. அதைக் கண்டுபிடித்தவரும் ஒரு குமாஸ்தாதான். டென்மார்க்கில் ஐனார் ஹோல்போல் என்ற தபால் எழுத்தர், கிறிஸ்துமஸ் நேரத்தில் மலை மலையாக வரும் வாழ்த்துக் கடிதங்களைப் பார்த்து, ஒவ்வொன்றிலும் தபால் தலையோடு ஒரு சிறு வில்லையும் ஒட்டினால் காசநோய்க் குழந்தைகளுக்கு ஆஸ்பத்திரி கட்டலாமே என்று நினைத்தார். 1904 கிறிஸ்துமஸுக்கு அந்த வில்லை வந்தது. விலை இரண்டு ஓரே, அங்கே மிகச் சில்லறைக் காசு. அந்த ஒரு பண்டிகையிலேயே 40 லட்சத்துக்கு மேல் விற்றது. பிறகு உலகம் முழுதும் பரவி, 1950-ல் நம் நாட்டுக்கும் வந்தது. காசநோய் வில்லை என்று இங்கேயும் காந்தி ஜயந்தியை ஒட்டித்தான் விற்பனை தொடங்குவார்கள். பொங்கல் வாழ்த்து அட்டையின் உறையில் அந்தச் சிறு வில்லையை ஒட்டி அனுப்பிய ஞாபகம் உங்களில் சிலருக்காவது இருக்கும்.

நம் பக்கத்துக்காரர்களுக்கு அந்த வில்லை அந்நியமில்லை. டாக்டர் சௌரி முத்து 1928-ல் தொடங்கி, 1937-ல் சர்க்கார் எடுத்துக்கொண்ட காசநோய் ஆஸ்பத்திரியால்தான் நம் ரயில் நிலையம் ஒன்றுக்கே சானடோரியம் என்று பெயர். ரயில் அங்கே நிற்கும்போது ஜன்னல் வழியாக மரங்களைப் பார்த்தபடி, ஒட்டிய வில்லையின் காசு இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் போகிறது என்று நினைத்துக்கொள்வேன். வில்லையில் ஒரு நேர்மை உண்டு. தபால் தலை இவ்வளவு, உதவி இவ்வளவு என்று இரண்டும் உறையின் மேலேயே தெரியும். ஒட்ட விரும்பாதவர் ஒட்டாமல் அனுப்பினாலும் கடிதம் போய்ச் சேரும்.

கதரிலும் அந்த மாதிரி ஒரு மாற்றம் தாமதமாகவாவது வந்தது. பல வருடங்களாக வாங்குபவருக்கு விலையில் குறைத்துக் கொடுத்த தள்ளுபடி முறையை மத்திய சர்க்கார் 2010-ல் மாற்றி, உற்பத்தி மதிப்பில் ஒரு பகுதியை உதவித் தொகையாக்கியது. அதில் ஒரு பங்கு நூற்பவருக்கும் நெய்பவருக்கும் போக வேண்டும் என்று ஏற்பாடு. மாநிலத்தில் தள்ளுபடி இன்னும் தொடர்கிறது. 1935-ல் காந்தி கேட்ட கேள்விக்கு எழுபத்தைந்து வருடம் கழித்து விதிமுறைப் புத்தகத்தில் ஒரு வரி கிடைத்தது என்று வைத்துக்கொள்ளலாம். எங்கள் ஊர் மில்களுக்கு அந்த நேரமும் கிடைக்கவில்லை. ஏ.எஃப்.டி. என்று பெயர் மாறியிருந்த ரோடியர் மில்லும் 2020-ல் மூடப்பட்டது. அந்தச் சங்கு இப்போது ஊதுவதில்லை. கைத் துணியும் மில் துணியும் ஒன்றுக்கொன்று எதிரி என்று சிறுவயதில் நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டையும் செய்தவர்கள் ஒரே மாதிரிதான் கஷ்டப்பட்டார்கள்.

டிரங்குப் பெட்டி வேஷ்டியின் கதையை முடித்துவிடுகிறேன். 1980-ல் எங்கள் மகள் பிறந்தாள். தாம்பரத்து வீட்டில் கோடைப் புழுக்கம், அடிக்கடி மின்வெட்டு. குழந்தை தூளியில் தூங்காமல் அழுதது. என் மனைவி ஒரு நாள் பெட்டியைக் கிளறி அந்தக் கதர் வேஷ்டியை எடுத்து, நாலைந்து முறை துவைத்துத் தூளி கட்டினாள். காற்று உள்ளே போக, குழந்தை நிம்மதியாகத் தூங்கியது. மாமனார் வந்திருந்தபோது தூளியைத் தொட்டுப் பார்த்தார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"பரவாயில்லை மாப்பிள்ளை, போய்ச் சேர வேண்டிய இடத்துக்குத்தான் போயிருக்கு" என்று சிரித்தார். அவர் சொன்னபடியே துணி பூ மாதிரி ஆகியிருந்தது. அடுத்த வருடத்திலிருந்து கதர்க் கடன் படிவத்தில் என் பெயரை நானே முதலில் எழுதினேன்.

இந்த வருடமும் தீபாவளிக்கு எனக்கு ஒரு கதர் வேஷ்டி, மனைவிக்குக் கைத்தறிச் சேலை, பேரன் பேத்திகளுக்குக் கதர்ச் சட்டைத் துணி எடுத்திருக்கிறேன். சண்முகம் சாலைக் கூட்டத்தில் இதை விடக் குறைந்த விலைக்குப் பளபளவென்று கிடைக்கும், தெரியும். அந்த வித்தியாசம் என் பென்ஷனில் தாங்கும், ஆகவே அது என் பொறுப்பு. எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாவுக்கும் கைத்தறிச் சேலையே கொடுக்கலாம் என்று முதலில் நினைத்தேன். பிறகு அந்தப் பியூனின் முகம் ஞாபகம் வந்தது. என்ன சேலை வேண்டும் என்று அவரிடமே கேட்டேன்.

"துவைச்சா சீக்கிரம் காயற மாதிரி சிந்தெடிக் சேலையா எடுங்கய்யா. எனக்கு நாலு வீட்டு வேலை" என்றார்.

அவர் கேட்டபடியே, அவர் சொன்ன நிறத்தில் எடுத்துக் கொடுத்தாயிற்று.